காற்று தேர்ந்தெடுக்கும் மட்டை

1910ஆம் ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜே. ஜே. தாம்சன் சொற்பொழிவாற்றினார். எலக்ட்ரானைக் கண்டறிந்தவர்; நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் நோபல் பரிசு பெற்றிருந்தார். அன்று அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோல்ஃப் பந்து. சுழன்றுகொண்டே பறக்கும் பந்தைக் காற்று எப்படி வளைக்கிறது என்று அவையோருக்குக் காட்ட வேண்டும்; அரங்குக்குள் பந்தை அடிக்க முடியாது. அதனால் கண்ணாடிக் குழாய்க்குள் மின்துகள் கற்றை ஒன்றைப் பாயவிட்டார். புவியீர்ப்பின் வேலையை மின்புலம் செய்தது. சுழற்சியால் பிறக்கும் விசையின் வேலையைக் காந்தப்புலம் செய்தது. பந்தின் பாதை ஓர் ஒளிக்கோடாக அவையோர் கண்முன் வளைந்தது.

இன்று கோல்ஃப் ஆடுபவர்கள் ஓயாமல் விவாதிக்கும் ஒரு கேள்விக்கு விடை அந்த வளைவுக்குள் இருக்கிறது. பையில் லாங் அயன் இன்னும் வேண்டுமா? அந்த மட்டையைத் திறமையின் முத்திரையாகக் கருதும் பழக்கம் நெடுநாளாக உண்டு. அதை எடுத்து வைத்துவிட்டால் ஏதோ தோற்றுப்போனது போலப் பலருக்குத் தோன்றுகிறது. அந்த மனக்குறைக்குக் காரணமே இல்லை. லாங் அயன் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதைத் தீர்மானிப்பது காற்று. அதன் கணக்கைப் புரிந்துகொண்டால் முடிவு எளிது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கோல்ஃப் மட்டைகளில் ட்ரைவரும் ஃபேர்வே வுட்களும் பருத்த தலை கொண்டவை. பெயர் வுட் என்றாலும் இப்போது அவை உலோகம்தான். அயன்கள் தட்டையான உலோகத் தலை கொண்டவை. அவற்றுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட மட்டையின் முகம் வானத்தைப் பார்த்துச் சாயும், தண்டு குட்டையாகும், பந்து உயரமாக எழுந்து அருகில் விழும். எண் குறையக் குறைய முகம் நிமிரும், தண்டு நீளும், பந்து தாழ்வாகக் கிளம்பி நெடுந்தொலைவு போகும். ஒன்று முதல் நான்கு வரையிலான எண்களைத்தான் லாங் அயன் என்கிறார்கள். ஒரு சுற்றில் ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் 1939இலும் வந்த விதி இது. ஆகவே பையில் ஒரு மட்டை இருக்கிறது என்றால் இன்னொன்று வெளியே இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்கை நன்றாகப் போட்டவர் அமெரிக்க வீரர் பென் ஹோகன். 1949 பிப்ரவரியில் அவர் ஓட்டிச் சென்ற கார் மீது பேருந்து மோதியது. பிழைத்ததே பெரிது என்ற நிலையிலிருந்து மீண்டு, 1950 ஜூனில் பென்சில்வேனியாவின் மெரியன் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் போட்டியில் ஆடினார். அந்த வாரம் ஏழாம் எண் அயனைப் பையிலிருந்து எடுத்துவிட்டார். மெரியனில் அதற்கு வேலையில்லை என்பது அவர் கணக்கு. ஒன்றாம் எண் அயன் பையில் இருந்தது. கடைசி நாள் ஒரே நாளில் 36 குழிகள். காலில் வலியோடு கடைசிக் குழிக்கு வந்து அவர் அந்த மட்டையால் அடித்த பந்து, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு நேராகப் போய் நின்றது. மறுநாள் நடந்த கூடுதல் சுற்றில் பட்டத்தையும் வென்றார். அந்த ஒன்றாம் எண் அயன் அடியின் முடிவில் அவர் நிற்கும் காட்சியைப் பின்னாலிருந்து ஹை பெஸ்கின் எடுத்த படம் கோல்ஃப் உலகின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. அந்த மட்டை அப்போதே திருட்டுப்போய், முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. அதன் முகத்தில் தேய்மானம் சிறு நாணயம் அளவு இடத்தில் மட்டும் இருந்தது. அத்தனை அடிகளும் அந்த ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன.

அந்தத் துல்லியம் ஏன் தேவைப்பட்டது? பந்து மட்டையின் முகத்தோடு ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி மூன்றும் முடிவாகிவிடும். பந்து பட்ட இடம் தலையின் நிறை மையத்துக்கு நேராக இருந்தால் விசை முழுதும் பந்துக்குப் போகும். சற்று விலகினாலும் தலை திருகிக்கொள்ளும். வேகமும் திசையும் போய்விடும். திருகலை எதிர்க்கும் ஆற்றலை இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறதோ அவ்வளவு அது கூடும். அயன்களில் எண் ஒன்று குறையும்போது தண்டு ஏறத்தாழ அரை அங்குலம் நீள்கிறது. தலையின் எடை ஏறத்தாழ 7 கிராம் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் எல்லா மட்டைகளும் கையில் ஒரே கனமாக ஆடும். ஆக, அயன்களுள் லாங் அயனின் தலைதான் இருப்பதிலேயே லேசானது, அதன் தண்டுதான் இருப்பதிலேயே நீளமானது. குறி தவற வாய்ப்பு கூடிய மட்டையில்தான் தவறைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை குறைவு.

ஆனால் இது பாதிக் கதைதான். நட்டநடுவில் சரியாக அடித்தாலும் லாங் அயன் பலருக்குப் பறப்பதில்லை. அதற்கான காரணத்தைத் தாம்சனுக்கு முன்பே தேடிப் போனவர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற வீரர். பந்தில் மெல்லிய நாடா ஒன்றைக் கட்டி, அதன் மறுமுனையை நிலைநிறுத்தி, பந்தை அடிக்கவைத்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார் தந்தை. பந்து பின்னோக்கிச் சுழல்கிறது என்பதும் எவ்வளவு சுழல்கிறது என்பதும் தெரிந்தன. பின்சுழற்சி உள்ள பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதற்கு எதிர்வினையாகக் காற்று பந்தை மேலே தூக்குகிறது. நன்றாக அடித்த பந்து கிளம்பிய பின் நேர்கோட்டைவிடவும் மேலே வளைந்து ஏறுவதும், வெறும் எறிபொருளைவிட அதிக நேரம் வானில் தங்குவதும் இதனால்தான். பந்தின் மேலிருக்கும் குழிகள் காற்று பந்தோடு ஒட்டிச் செல்ல உதவி, இழுவையைக் குறைக்கின்றன.

இந்தத் தூக்குவிசைக்கு இரண்டு வேண்டும்: சுழற்சி, வேகம். காற்றில்லாத வேளையில் பட்டம் ஏற்றும் சிறுவன் வேகமாக ஓடினால்தான் பட்டம் எழும். ஓட்டம் தளர்ந்தால் நூலைத் தளர்த்தினாலும் இறுக்கினாலும் பயனில்லை. லாங் அயனின் நிலையும் அதுதான். அதன் முகம் நிமிர்ந்தது. ஆகவே பந்து தாழ்ந்த கோணத்தில், குறைந்த சுழற்சியோடு கிளம்புகிறது. இழந்த கோணத்தையும் சுழற்சியையும் வேகத்தால் மட்டுமே ஈடுகட்ட முடியும்.

டென்மார்க்கின் ட்ராக்மேன் ரேடார் கருவி அமெரிக்கத் தொழில்முறை ஆடவர் போட்டிகளில் அளந்து, பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் சராசரிகளைப் பாருங்கள். மூன்றாம் எண் அயனால் அடிக்கும்போது மட்டையின் தலை மணிக்குச் சுமார் 98 மைல் வேகத்தில் வருகிறது. பந்து சுமார் 142 மைல் வேகத்தில், 10 டிகிரி கோணத்தில், நிமிடத்துக்கு 4,600 சுற்றுகளோடு கிளம்புகிறது. ஏழாம் எண் அயனில் பந்தின் வேகம் 120 மைல்தான். ஆனால் கோணம் 16 டிகிரி, சுழற்சி 7,100 சுற்று. இனி வியப்பைக் கேளுங்கள். இரண்டு பந்துகளும் எட்டும் உச்சி உயரத்தில் பெரிய வேறுபாடில்லை. ஒன்று 27 யார்டு, மற்றது 32 யார்டு. ட்ரைவரால் அடித்த பந்தும் ஏறத்தாழ அதே உயரத்தைத்தான் தொடுகிறது. தேர்ந்த வீரர் எந்த மட்டையை எடுத்தாலும் பந்து ஒன்பது மாடிக் கட்டட உயரத்துக்குச் சென்றே திரும்புகிறது. மட்டை மாறும்போது உயரம் மாறாமல் தொலைவு மட்டும் மாறுகிறது. வேகத்தையும் சுழற்சியையும் காற்று இவ்வளவு அழகாகச் சரிக்கட்டி வைப்பது இயற்பியலின் கொடைகளில் ஒன்று.

அந்தச் சமநிலை வேகம் உள்ளவர்களுக்கே கிடைக்கும். மெதுவாகச் சுழற்றுபவர் மூன்றாம் எண் அயனை எடுத்தால் பந்து எழுவதற்கு முன்பே விழத் தொடங்கும். முகம் நிமிர்ந்திருப்பதால் கிடைக்கும் கூடுதல் வேகத்தைச் செலவிட வானில் அதற்கு நேரமில்லை. தொழில்முறை ஆடவருக்கு அயன்களில் ஓர் எண் குறைந்தால் பந்து 9 முதல் 12 யார்டு வரை கூடுதலாகப் பறக்கிறது. வேகம் குறைந்தவருக்கு இந்த இடைவெளி ஐந்தாம் எண்ணுக்குக் கீழே சுருங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் ஒரே இடத்தில் பந்தைப் போடும். சிலருக்கு நான்காம் எண்தான் குறைவாகப் போகும். ட்ராக்மேனின் அதே சராசரிகளில் தொழில்முறை மகளிருக்கான அட்டவணையில் மூன்றாம் எண் அயனுக்கு வரியே இல்லை; நான்கிலிருந்துதான் தொடங்குகிறது. உலகின் மிகச் சிறந்த வீராங்கனைகள் அவர்கள். பந்தை நடுவில் அடிக்கும் திறனில் எவருக்கும் குறைந்தவர்களல்லர். அவர்கள் மூன்றாம் எண்ணை விட்டதற்குக் காரணம் காற்றின் கணக்கு.

தூரம் மட்டும் போதாது, பந்து கிரீனில் நிற்கவும் வேண்டும். செங்குத்தாக இறங்கும் பந்து நிற்கும். தட்டையாக இறங்கும் பந்து உருண்டோடிப் பின்னாலிருக்கும் மணற்குழியில் போய் விழும். தொழில்முறை ஆடவரின் மூன்றாம் எண் அயன் 45 டிகிரிக்குச் சற்று மேலான கோணத்தில் இறங்குகிறது. உச்சி உயரம் பாதியானால் இந்தக் கோணமும் சரிந்துவிடும்.

இப்போது ஹைப்ரிட் எப்படி இந்த முடிச்சை அவிழ்க்கிறது என்று பார்ப்போம். அயனும் வுட்டும் கலந்த அந்த மட்டையின் தலை உள்ளே கூடாக, பின்பக்கம் புடைத்திருக்கும். அதனால் எடை பின்னுக்கும் அடிக்கும் நகர்கிறது. இதில் கிடைப்பவை மூன்று. தலை எளிதில் திருகாது. நிறை மையம் பந்தின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்குவதால் பந்து எளிதாக மேலே கிளம்பும். மூன்றாவது மிக நுட்பமானது. மட்டை வேகமாகச் சுழலும்போது தலையின் நிறை மையம் தண்டின் நேர்கோட்டுக்கு வர முயலும். நிறை மையம் பின்னால் இருந்தால், அது நேர்கோட்டுக்கு வரும்போது தண்டு முன்னோக்கி வளையும். முகம் இன்னும் சற்று வானத்தைப் பார்க்கும். பந்தைத் தொடும் கணத்தில் மட்டை தானாகவே தன் சாய்வைக் கூட்டிக்கொள்கிறது. முகத்தின் சாய்வு டிகிரி ஒன்றே ஆனாலும் ஹைப்ரிட் அடித்த பந்து அயன் அடித்த பந்தைவிட உயரப் பறப்பதற்கு இதுவும் காரணம். உயரமான புல்லில் அயனின் மெல்லிய தலையைப் புல் கழுத்தோடு பற்றித் திருப்பிவிடும்; ஹைப்ரிட்டின் அகன்ற அடிப்பாகம் புல்லை அமுக்கிக்கொண்டு வழுக்கிப் போகும்.

இந்த எண்ணம் திடீரென வந்ததல்ல. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் எடையை ஓரங்களுக்குப் பரப்பி, பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான தன் பிங் பட்டரைச் செய்தார். அதே கொள்கையை 1960களில் அயன்களுக்கும் கொண்டுவந்தார். 1975இல் டாம் குரோவின் கோப்ரா நிறுவனம் பாஃப்லர் என்ற மட்டையைத் தந்தது. புல்லில் சிக்காமல் வழுக்கிப் போகும் தண்டவாளங்கள் அதன் அடியில் இருந்தன. 2004இல் ராயல் ட்ரூனில் நடந்த ஓப்பன் போட்டியில் டாட் ஹாமில்டன் ஹைப்ரிட்டைக் கிரீனுக்கு அருகில்கூடப் பயன்படுத்தி, கூடுதல் குழிகளில் எர்னி எல்ஸை வென்றார். 2009இல் ஹேசல்டைனில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் தென் கொரியாவின் ஒய். இ. யாங் சுமார் 200 யார்டுக்கு அப்பாலிருந்து ஹைப்ரிட்டால் பந்தை மரத்துக்கு மேலே தூக்கிக் குழிக்கு அருகில் நிறுத்தினார். பெரிய போட்டிகளில் மூன்று சுற்று முடிவில் முன்னிலையில் இருந்தால் அதுவரை தோற்றதே இல்லாத டைகர் வுட்ஸ் அன்று தோற்றார். ஆசியாவில் பிறந்த ஆடவர் ஒருவர் பெரிய பட்டம் வென்றது அதுவே முதன்முறை. பந்தை மிக நெடுந்தொலைவு அடிப்பவர்களில் ஒருவரான டஸ்டின் ஜான்சன்கூட 2020 நவம்பரில் மாஸ்டர்ஸ் வென்றபோது பையில் ஏழாம் எண் வுட் வைத்திருந்தார். வேகம் உள்ளவருக்கும் உயரம் பயன்படுகிறது.

லாங் அயனை வெளியே தள்ளியதில் பந்துக்கும் பங்குண்டு. ஹோகன் காலத்துப் பந்தின் உள்ளே ரப்பர் நூல் இறுகச் சுற்றப்பட்டிருக்கும். மேலே மிருதுவான உறை. அது நன்றாகச் சுழலும். நிமிர்ந்த முகம் கொண்ட மட்டையால் அடித்தாலும் போதிய தூக்குவிசை கிடைக்கும். 2000 அக்டோபரில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் ப்ரோ வி1 வந்தது. திடமான மையம் கொண்ட இத்தகைய பந்துகள் ஓரிரு ஆண்டுகளில் நூல் சுற்றிய பந்துகளை ஒழித்தன. ட்ரைவரில் இவற்றின் சுழற்சி குறைவு. அதனால் தூரம் கூடியது. அதே குறைவு லாங் அயனுக்குப் பாதகமாயிற்று. மட்டை மாறாமலே அதன் பறத்தல் மாறிவிட்டது.

இன்னொரு மாற்றம் பலர் கண்ணில் படுவதில்லை. 1970களில் மூன்றாம் எண் அயனின் சாய்வு 24 டிகிரி அளவில் இருந்தது. இன்று பொது ஆட்டக்காரர்களுக்கான தொகுப்புகள் பலவற்றில் ஐந்தாம் எண் அயனே அந்தச் சாய்வில் வருகிறது. எடை கீழே இறங்கியதால் பந்து எளிதாக உயர்கிறது. அந்த உயரத்தைத் தூரமாக மாற்ற, தயாரிப்பாளர்கள் முகத்தை நிமிர்த்திக்கொண்டே வந்தார்கள். ஆக, லாங் அயனைத் துறந்துவிட்டதாக நினைப்பவர் பையிலும் பழைய மூன்றாம் எண் ஐந்து என்ற பெயரில் இருக்கக்கூடும். அருகிலிருந்து அடிக்கும் சாய்ந்த முக மட்டையான பிட்சிங் வெட்ஜும் நிமிர்ந்துவிட்டதால், அதற்கும் மணற்குழி மட்டைக்கும் நடுவே விழுந்த இடைவெளியை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வேண்டியிருக்கிறது. 14 என்ற எல்லையோ அப்படியே நிற்கிறது. மறுமுனையில் ஒரு மட்டை விலகத்தான் வேண்டும்.

அப்படியானால் லாங் அயனின் காலம் முடிந்ததா? கடலோர லிங்க்ஸ் மைதானங்கள் இல்லை என்கின்றன. அங்கே எதிர்க்காற்று பலமாக வீசும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்துக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால், பந்தைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 230. இழுவிசை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிவிடும். தூக்குவிசையும் கூடும், பந்து மேலே எழும்பி அங்கேயே சக்தி இழக்கும். இங்கே உயரம் பகை, தாழ்வு துணை. 2006இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் கோடையில் காய்ந்து இறுகிய தரையில் ஓப்பன் போட்டி நடந்தது. டைகர் வுட்ஸ் நான்கு நாளும் சேர்த்து ட்ரைவரை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். பெரும்பாலும் லாங் அயனால் தாழ்வாக அடித்து, மணற்குழிகளுக்கு முன்பே நிறுத்தி, தரையில் உருளவிட்டு வென்றார். இரண்டாம் நாள் பதினான்காம் குழியில் 200 யார்டுக்கு மேலிருந்து அவர் நான்காம் எண் அயனால் அடித்த பந்து குழிக்குள்ளேயே விழுந்தது. வேகமாகச் சுழற்றுபவர்களில் சிலருக்கு ஹைப்ரிட் பந்தை இடப்பக்கம் இழுத்துவிடும் தொல்லையும் உண்டு. அவர்களுக்காகவே தலை கூடாகவும் அடியில் டங்ஸ்டன் எடையோடும் வரும் ட்ரைவிங் அயன்கள் இருக்கின்றன.

முடிவெடுக்க வழி இருக்கிறது. பயிற்சித் திடலில் ரேடார் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பந்து விழும் இடத்தைப் பார்த்து அளக்கலாம். ஐந்தாம் எண், நான்காம் எண், ஒரு ஹைப்ரிட் மூன்றாலும் போதிய அளவு பந்துகளை அடியுங்கள். மிகச் சிறந்த அடியை மறந்துவிட்டு வழக்கமான அடியைப் பாருங்கள். ஆட்டத்தில் வரப்போவது அதுதான். உருண்ட தொலைவைச் சேர்க்காமல் பறந்த தொலைவை மட்டும் எண்ணுங்கள். ஐந்தாம் எண்ணைவிட நான்காம் எண் ஏறத்தாழ பத்து யார்டாவது கூடுதலாகப் பறக்கவில்லை என்றால் அதற்குப் பையில் இடம் இல்லை. பறந்தால் அடுத்த கேள்வி: கிரீனில் நிற்கும் அளவுக்குச் செங்குத்தாக இறங்குகிறதா? இறங்காவிட்டால் நீங்கள் ஆடும் தரையைப் பாருங்கள். காற்றும் இறுகிய தரையும் உள்ள இடமென்றால், ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து அடிப்பதற்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். மிருதுவான கிரீன்களும் உயர்ந்த புல்லும் உள்ள இடமென்றால் ஹைப்ரிட்டோ ஏழாம் எண் வுட்டோ அதே தொலைவை எளிதாகத் தரும். வாங்கும்போது எண்ணை நம்பாமல் டிகிரியைக் கேளுங்கள்.

வார இறுதியில் ஆடும் பெரும்பாலோருக்கு இந்தச் சோதனை ஒரே விடையைத்தான் சொல்லும்: நான்காம் எண்ணும் அதற்குக் கீழானவையும் வேண்டாம். வேகமும் துல்லியமும் உள்ள சிலருக்கு, காற்றடிக்கும் மைதானங்களில், ஒரு லாங் அயன் வேறெந்த மட்டையும் செய்யாத வேலையைச் செய்யும். இரண்டு விடைக்கும் சம மதிப்பு உண்டு. வேகம் வயதோடு குறையும், பயிற்சியோடு கூடும். ஆகவே விடையும் மாறும். ஆண்டுக்கொருமுறை அளந்து பார்த்து, அந்த ஆண்டின் உடலுக்கும் ஆடப்போகும் மைதானத்துக்கும் ஏற்றபடி பையை நிரப்புபவரே இந்த ஆட்டத்தைப் புரிந்துகொண்டவர்.